தூக்குங்க அம்மணி!

*மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு எல்லோரும் சொல்வது, "ரெஸ்ட் எடுங்க." அவர்களின் எலும்பும் தசையும் கேட்பது வேறு.*

அரிசிச் சிப்பம் வாசலில் கிடந்தது. 26 கிலோ. கடைப் பையன் இரண்டு மாடி ஏறிவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அங்கிருந்து சமையலறைக்குப் பதினைந்து அடிகூட இருக்காது. இருபது வருடமாக மாதாமாதம் அதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது நான்தான். அன்றும் குனிந்து மூட்டையின் இரண்டு காதுகளையும் பிடித்தேன். ஒரு சாண் எழும்பியது. முழங்கை நடுங்கியது. கீழே வைத்துவிட்டேன்.

"விடு, நான் எடுத்து வெக்கறேன். இந்த வயசுல வெயிட் தூக்கலாமா?" என்றார் கணவர். அக்கறையோடுதான் சொன்னார். அப்போது எனக்கு 48 வயது. கடைசியாக மாதவிடாய் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல. என் அம்மாவுக்கு 45 வயதில் மாதவிடாய் நின்றது. இடுப்பு வலிக்கிறது என்று டாக்டரிடம் போனபோது கூடப் போயிருந்தேன். "வயசாகுதில்லீங்களா, இனி வெயிட் எதுவும் தூக்காதீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மா அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். தண்ணீர்க் குடம் அப்பா கைக்கு மாறியது. காய்கறிப் பை தம்பி கைக்கு மாறியது. பாசமான வீடு, யாரும் அம்மாவை எதையும் தூக்கவிடவில்லை.

இருபத்துமூன்று வருடம் கழித்து, 68ஆவது வயதில், விடியற்காலையில் பாத்ரூமிலிருந்து திரும்பியவர் விழுந்தார். தரை ஈரமில்லை. எதுவும் தடுக்கவில்லை. "திரும்புனேன் கண்ணு, காலு கூட வரலே" என்றார். வலது இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து விரலால் காட்டினார். "ஒடைஞ்சது இன்னைக்குத்தாங்க. ஆனா கரைஞ்சது இருபது வருசமா."

அந்த இருபது வருடத்தில் அம்மாவிடம் "தூக்காதீங்க" என்று சொன்னவர்கள் பலர். "எதையாவது தூக்குங்க" என்று சொன்னவர் ஒருவருமில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

கரையும் காலம்

மாதவிடாய் நின்று முழுதாக 12 மாதம் கடந்தால்தான் மெனோபாஸ் என்று மருத்துவம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் வருகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. அதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே உடம்பு சொல்லத் தொடங்கிவிடும். நாள் தள்ளிப்போகும், அல்லது மாதம் இருமுறை வரும். நள்ளிரவில் முதுகு நனைய விழிப்பு வரும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது கணுக்காலும் விரல்களும் பிடித்துக்கொள்ளும். சின்ன விஷயத்துக்குக் கண் கலங்கும். அறுவை சிகிச்சையில் கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு இந்த அவகாசம்கூடக் கிடையாது. எந்த வயதானாலும் ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்தே மெனோபாஸ் தொடங்கிவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதுதான். எலும்பு உயிருள்ள பொருள். அதில் பழையதைக் கரைக்க ஒருவகைச் செல்கள், புதிதாகக் கட்ட இன்னொரு வகைச் செல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. கரைக்கும் கூட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மேஸ்திரி ஈஸ்ட்ரோஜன்தான். மேஸ்திரி விலகியதும் இடிப்பு வேகமெடுக்கிறது, கட்டுமானம் பின்தங்குகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்துக்குள் எலும்பின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்கு வரை போய்விடக்கூடும். இதற்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. எலும்பு முறியும் நாள்வரை எலும்புப்புரை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. இந்தியர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு மேலை நாட்டினரைவிட ஏறக்குறைய பத்து வருடம் முன்னதாகவே நேர்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தசையின் கதையும் இதுதான். முப்பது வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. வயது ஏற ஏற அந்த வேகமும் ஏறுகிறது. நாம் உண்ணும் சாதத்திலிருந்து வரும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சர்க்கரை ரத்தத்தில் தங்கும். தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்துவந்த கொழுப்பு இப்போது வயிற்றில் சேரத் தொடங்கும். எடை காட்டும் இயந்திரத்துக்கு முன்பே சேலை இதைச் சொல்லிவிடும்: அதே சேலை, கொசுவத்தில் ஒரு மடிப்பு குறைகிறது. அதுவரை மாரடைப்பில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இருந்த சலுகையும் மெல்லக் கரைகிறது.

விண்வெளியில் கற்ற பாடம்

எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது என்று யூலியுஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1892இல் எழுதினார். சுமை வந்தால் கட்டும், சுமை இல்லையென்றால் "இது எதற்கு?" என்று கரைத்துவிடும். இதைக் கண்ணுக்கு முன் காட்டிய இடம் விண்வெளி. எடையே இல்லாத அந்த இடத்தில் இடுப்பு, கால் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி இழக்கின்றன. பூமியில் ஒரு வருடத்தில் ஒரு மூதாட்டி இழப்பதை அங்கே திடகாத்திரமான வீரர் ஒரே மாதத்தில் இழந்துவிடுகிறார்.

அதனால்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். ஓடும் பட்டையில் உடம்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். எடை தூக்குவதுபோலத் தடை கொடுக்கும் கருவியில் உட்கார்ந்து எழுகிறார்கள். சுனிதா வில்லியம்ஸ் 286 நாள் அங்கே தங்கி 2025 மார்ச்சில் பூமிக்குத் திரும்பியபோது அவருக்கு வயது 59. நம் ஊரில் அந்த வயதுப் பெண்ணிடம் "படி ஏறாதே, பார்த்து நட" என்போம்.

"அவங்க ராக்கெட்ல போறவங்க, நம்மளால ஆகுமா?" என்று கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தி குறைந்துபோன 101 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். எல்லோரும் 58 வயதைத் தாண்டியவர்கள். ஒரு குழுவுக்கு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கனமான எடைகளைத் தூக்கும் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு வீட்டிலேயே செய்யும் இலகுவான பயிற்சி. எட்டு மாதம் கழித்து அளந்தபோது எடை தூக்கியவர்களின் கீழ்முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்தது. இலகுவாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. எலும்பு பலவீனமானவர்கள் எடை தூக்கினால் முறிந்துவிடும் என்று பயந்த மருத்துவ உலகத்துக்கு, 2018இல் வெளியான அந்த முடிவு ஒரு பெரிய தைரியம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: அவர்கள் தூக்கியது முறையாகக் கற்று, படிப்படியாக எடை ஏற்றி, மேற்பார்வையோடு.

வாக்கிங் போதுமா?

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். விடிவதற்கு முன்பே மரங்களுக்குக் கீழே கூட்டம் நகரத் தொடங்கிவிடும். சேலைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட அம்மாக்கள், சுடிதாரில் மூன்று மூன்று பேராக வரும் தோழிகள், மருமகளோடு வரும் மாமியார்கள். என் அக்காவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அக்காவுக்கு 54. எட்டு வருடமாக நடக்கிறாள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. "நான்தான் தினமும் நடக்கறேன்ல" என்று தைரியமாகப் போய் டெக்சா ஸ்கேன் எடுத்தாள். எலும்பு அடர்த்தி குறைவு என்று வந்தது.

அக்கா உடைந்துபோனாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: அந்த எட்டு வருட நடை ஒரு நாள்கூட வீண் இல்லை. இதயத்துக்கும், சர்க்கரைக்கும், மனசுக்கும், தூக்கத்துக்கும் நடை அருமருந்து. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் உடல் இயங்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். மிதமான வேகம் எது என்று தெரிய ஒரு சோதனை: நடந்துகொண்டே பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. கதை பேசிக்கொண்டு ஆற அமர நடந்தால் பாட்டே பாடலாம். அது கணக்கில் சேராது. அந்த 150 நிமிடத்தையும் பத்துப் பத்து நிமிடமாக, ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்தும் சேர்க்கலாம்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணைக் கண்டும் பயப்படவேண்டாம். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்த எண் அது; மருத்துவர் யாரும் அளந்து சொன்னதல்ல. ஐ-மின் லீ என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவில் 16,741 மூத்த பெண்களைக் கவனித்து 2019இல் வெளியிட்ட முடிவில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட மரண ஆபத்து தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடியைத் தாண்டிய பிறகு பலன் மேலும் கூடவில்லை.

ஆனால் எலும்புக்கு நடை மட்டும் போதாது. நாற்பது வருடமாக நம் கால்கள் அதே எடையைச் சுமந்து அதே விதமாக நடக்கின்றன. எலும்புக்கு அது பழகிய சுமை. புதிதாகக் கட்டவேண்டிய அவசியம் அதற்குத் தோன்றுவதில்லை. அதனால்தான் அதே உலக சுகாதார நிறுவனம், நடைக்கு மேல், வாரம் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. நம் ஊரில் முதல் வரி பரவிய அளவுக்கு இரண்டாவது வரி பரவவில்லை. தமிழக அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. நல்ல காரியம். அந்தப் பாதைகளின் ஓரத்தில் பெண்கள் கூச்சமில்லாமல் எடை தூக்கிப் பழக ஓர் இடமும், கற்றுக்கொடுக்க ஒரு பெண் பயிற்சியாளரும் வந்தால் பலன் இரட்டிப்பாகும்.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானுங்க்கா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத பெண் இல்லை. அதில் ஒரு வலியும் இருக்கிறது: நாள் முழுக்க ஓடியாடும் என்னிடம் போய் உடற்பயிற்சி செய் என்கிறாயா?

வீட்டு வேலை உழைப்பு. அதில் சந்தேகமே வேண்டாம். வேகமாகப் பெருக்குவதும், துடைப்பதும், மாடிப்படி ஏறி இறங்குவதும் இயக்கக் கணக்கில் சேரும். ஆனால் அந்த உழைப்பின் தன்மை மாறிவிட்டது. என் பாட்டி ஆட்டுக்கல்லில் குழவி சுற்றினாள், உரலில் உலக்கை குத்தினாள், கிணற்றில் இறைத்துக் குடம் சுமந்தாள். பிறகு எங்கள் கோவையிலேயே வெட் கிரைண்டர் வந்தது. இன்று புவிசார் குறியீடு பெற்று நாடெங்கும் போகிறது. அது பெண்களுக்குக் கிடைத்த விடுதலை. ஆட்டுக்கல் திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பாட்டிக்கும் கடைசியில் முதுகு கூன்தான். உழைத்த உழைப்புக்குத் தக்க பாலும் பருப்பும் அவள் தட்டில் விழவே இல்லை.

கையிலிருந்து அந்தச் சுமை போனது. அதற்கு ஈடாக வேறொன்று வரவில்லை. இன்றைய சமையலறையில் மிஞ்சியிருப்பது நின்றுகொண்டே இருப்பது, குனிந்துகொண்டே இருப்பது, ஒரே கையால் கிளறுவது. களைப்பு வரும், வலு வராது. லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024இல் வந்த ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதுமான உடல் இயக்கம் இல்லை. ஆண்களில் 42 சதவீதம். பெண்கள் சோம்பேறிகள் என்று இதற்குப் பொருளில்லை. அவர்களின் நேரம் முழுதும் பிறருக்குப் போகிறது என்று பொருள்.

காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண்களுக்கு இந்தக் கட்டுரையின் அறிவுரை பொருந்தாது. களை எடுத்து, சாந்துச் சட்டி சுமந்து வருபவருக்கு இனியொரு சுமை வேண்டாம். அவருக்கு வேண்டியது தட்டில் பருப்பும் முட்டையும், முதுகை நிமிர்த்திக்கொள்ள நேரமும், நியாயமான கூலியும்.

மொட்டை மாடிப் பாடம்

அரிசிச் சிப்பம் தோற்கடித்த அடுத்த வாரம், அம்மாவுக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டேன். என் தங்கை வயதுப் பெண். "உங்களுக்கும் சேர்த்துச் சொல்லித் தர்றேன்க்கா. எடைக்குக் காசு செலவு பண்ண வேண்டாம், அந்த அரிசியையே கொண்டு வாங்க" என்றாள்.

சிப்பத்தைப் பிரித்து ஒவ்வொரு கிலோவாகப் பாக்கெட் கட்டினோம். மகளின் பழைய ஸ்கூல் பையில் நாலு பாக்கெட் வைத்தோம். கோவை கணபதியில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடி. துவைத்த போர்வைகளுக்கு நடுவில் பையைத் தரையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "எடுங்க பாப்போம்."

நான் முதுகை வளைத்துக் குனிந்தேன். உடனே தடுத்தாள்.

"அதானுங்க்கா தப்பு. முதுகால எடுக்காதீங்க. கையில துணிக்கூடை இருக்கு, பின்னாடி கதவ இடுப்பால தள்ளிச் சாத்துவீங்கல்ல? அப்படி இடுப்பப் பின்னாடி தள்ளுங்க. முட்டி லேசா மடங்கட்டும். நெஞ்சு நிமிரட்டும். பை காலோட ஒட்டி வரோணும்."

கதவு என்றதும் உடம்புக்குப் புரிந்துவிட்டது. இடுப்பைப் பின்னால் தள்ளினேன். தொடையின் பின்பக்கம் இழுத்தது. பாதத்தைத் தரையில் அழுத்தி எழுந்தேன். பை வந்தது. முதுகு வலிக்கவே இல்லை. நாற்பத்தெட்டு வருடத்தில் ஒரு பொருளைத் தரையிலிருந்து எப்படி எடுப்பது என்று எனக்கு ஒருவரும் கற்றுக்கொடுத்ததில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

"அவ்வளவுதாங்க்கா. தூக்குங்க அம்மணி, தூக்குங்க!" என்று கைதட்டினாள்.

எட்டு முறை தூக்கி வைத்தேன், ஓய்வு, மறுபடி எட்டு. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. நாம் பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணமும் இதே அசைவுதான். பிறகு சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளுவது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோளிலிருந்து தலைக்கு மேல் உயர்த்துவது. கடைசியில் சுவரைத் தொட்டபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது. இருபத்தைந்து நிமிடம். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருந்தால்தான் எடை சரி. இருபது முறை சிரமமில்லாமல் செய்ய முடிந்தால் எடை போதவில்லை. "கஷ்டமா இல்லீன்னா எலும்புக்குச் சேதி போகாதுங்க்கா" என்பாள். முறை பிசகாமல் வரும்போது ஒரு பாக்கெட் கூடும்.

இரண்டாவது மாதம் அக்கா சேர்ந்துகொண்டாள். பிறகு கீழ்வீட்டு டீச்சர், எதிர்வீட்டு அம்மா. இன்று ஐந்து பேர். என் பையில் இப்போது பதினாறு பாக்கெட்.

குப்பென்று வரும் சூடு

இங்கே ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. உடற்பயிற்சி செய்தால் ஹாட் ஃப்ளாஷ் நின்றுவிடும் என்று பலர் சொல்கிறார்கள். ஆய்வுகள் அப்படி உறுதி சொல்லவில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிதான் உடம்பின் வெப்பத்தைச் சமன்செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அது சின்ன வெப்ப ஏற்றத்தையும் பொறுக்காமல், ரத்தத்தைத் தோலுக்கு விரட்டி வியர்வையைக் கொட்டுகிறது. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023இல் வெளியிட்ட பரிந்துரையில், இந்தச் சூட்டுக்கான சிகிச்சையாக உடற்பயிற்சியைச் சேர்க்கவில்லை. சூடு தாங்க முடியாதவர்கள் மகளிர் மருத்துவரிடம் பேசவேண்டும். ஹார்மோன் சிகிச்சையும் உண்டு, ஹார்மோன் அல்லாத வழிகளும் உண்டு. அவரவர் உடம்பைப் பார்த்து முடிவு செய்யவேண்டியது.

ஆனால் சூட்டுக்குப் பயந்து பயிற்சியை விடவேண்டாம். வெயில் ஏறும்முன் செய்யுங்கள், பருத்தி உடுத்துங்கள், பக்கத்தில் ஈரத் துண்டும் தண்ணீரும் இருக்கட்டும். தூக்கமும் மனநிலையும் சீராகும். இரவில் ஒருமுறை வியர்த்து எழுந்தாலும் மறுபடி தூக்கம் பிடிக்கும்.

பயிற்சியை நிறுத்தவைக்கும் இரண்டு காரணங்கள்

எங்கள் மாடிக் கூட்டத்தில் ஒருவர் இரண்டே நாள் வந்து நின்றுவிட்டார். காரணம் கேட்டால் "மூட்டு வலி" என்றார். மூன்று வாரம் கழித்துத்தான் என் காதோடு சொன்னார்: தும்மினால், எடை தூக்கினால், சிறுநீர் சொட்டுகிறது. இந்த ஒரு காரணத்தால் வெளியே நடக்கவே போகாத பெண்கள் ஏராளம். பிரசவங்களில் தளர்ந்த இடுப்புத்தளத் தசை, ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மேலும் தளர்கிறது. இதற்கும் பயிற்சி இருக்கிறது. ஆர்னால்டு கீகல் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர் 1948இல் எழுதிவைத்த பயிற்சி அது. இன்று சொல்லித்தருவது இப்படி: சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல உள்ளே இறுக்குங்கள், ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள், முழுதாகத் தளர்த்துங்கள். பத்து முறை, தினமும் மூன்று வேளை. மூச்சைப் பிடிக்கக்கூடாது, சிறுநீர் கழிக்கும்போது செய்து பார்க்கக்கூடாது. சில மாதம் விடாமல் செய்தால் பலருக்கு நல்ல மாற்றம் தெரியும். அவர் திரும்பி வந்துவிட்டார்.

இரண்டாவது காரணம், மூட்டு வலி. வலிக்கிறது என்று உட்கார்ந்தால் தொடைத் தசை மெலியும், தசை மெலிந்தால் முழங்கால்மீது சுமை கூடும், இன்னும் வலிக்கும். மூட்டுத் தேய்மானத்துக்கு உலகெங்கும் மருத்துவர்கள் முதல் சிகிச்சையாகச் சொல்வதே உடற்பயிற்சிதான். உயரமான நாற்காலியிலிருந்து எழுவதில் தொடங்கலாம். பயிற்சியின்போது சிறிது வலித்தால் பயமில்லை. மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் எடையைக் குறைக்கவேண்டும்.

வாரத்துக்கு இப்படி

*திங்கள், வியாழன்:* சுமைப் பயிற்சி, 25 முதல் 30 நிமிடம். தரையிலிருந்து தூக்குவது, நாற்காலியிலிருந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, தலைக்கு மேல் உயர்த்துவது, குதிகால் உயர்த்துவது.

*மற்ற ஐந்து நாட்கள்:* அரை மணி வேக நடை. முடியாத நாளில் பத்து நிமிடமாக மூன்று வேளை.

*தினமும்:* பல் தேய்க்கும்போது பக்கத்தில் பிடிமானத்தோடு ஒற்றைக்காலில் நிற்பது, இடுப்புத்தளப் பயிற்சி.

*யோகா செய்பவர்கள்* விடாமல் தொடருங்கள். சமநிலைக்கும் வளைவுக்கும் மனசுக்கும் அது துணை. தொண்ணூறைத் தாண்டியும் யோகா கற்றுக்கொடுத்து, 2018இல் பத்மஸ்ரீ பெற்ற நானம்மாள் பாட்டி எங்கள் கோவைக்காரர். அதோடு வாரம் இரண்டு நாள் சுமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*தட்டில்:* உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.). 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம். கொள்ளு, பருப்பு, முட்டை, தயிர், மீன் எது தோதோ அது. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

முதலில் மருத்துவரைப் பார்க்கவேண்டியவர்கள்

நெஞ்சு வலி, நடந்தால் மூச்சுத் திணறல், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள். சின்ன விழுதலில் எலும்பு முறிந்தவர்கள். எலும்புப்புரை உறுதியானவர்கள் தாங்களாகக் குதிப்பது, முன்னால் வளைந்து திரும்புவது போன்றவற்றைச் செய்யக்கூடாது. பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வை வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் மகளிர் மருத்துவரிடம் போகவேண்டும்.

வீடு விட்டுக்கொடுக்கவேண்டிய அரை மணி

எடை கிடைத்துவிடும், இடம் கிடைத்துவிடும். கிடைக்காதது நேரம். காலை ஆறு மணி என்றால் நம் வீடுகளில் அது பால் காயும் நேரம், டிபன் பாக்ஸ் நேரம், மாமனாரின் காபி நேரம். "இந்த வயசுல உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்ற கேள்வி வெளியிலிருந்து வருவதைவிட நமக்குள்ளிருந்தே அதிகம் வருகிறது. நானும் முதல் மாதம் யாரும் எழும்முன் திருடியைப்போல மாடி ஏறினேன்.

ஒருநாள் மகள் கேட்டாள்: "ஏம்மா ஒளிஞ்சு ஒளிஞ்சு போற?" அன்றிலிருந்து திங்களும் வியாழனும் காலைக் காபி கணவரின் பொறுப்பு. நான் கேட்டேன்; அவர் செய்தார். அவ்வளவு எளிதாக முடிந்ததை இருபது வருடம் கேட்காமல் இருந்திருக்கிறேன். இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள்: மனைவியின் கையிலிருக்கும் பையைப் பாசத்தோடு வாங்கிக்கொள்வது நல்லதுதான். அதைவிட, அவருடைய நாளிலிருந்து அரை மணி நேர வேலையை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் மூணு

அம்மாவுக்கு இப்போது 71. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். மாதம் ஒருமுறை அவருக்கு ஒரு சோதனை வைக்கிறோம். கைகளை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு, நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. எழுபதைத் தொட்ட பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் விழும் ஆபத்து அதிகம் என்பது கணக்கு.

முதல் முறை அம்மாவால் ஒருதடவைகூடக் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கித் தொடங்கினோம். நாலு மாதத்தில் ஒரு தலையணை போனது. எட்டாவது மாதம் இன்னொன்று.

போன ஞாயிற்றுக்கிழமை செல்போனில் நேரம் வைத்துவிட்டு எண்ணினேன். நாலு. அஞ்சு. பாதத்தைத் தரையில் அழுத்தி, மூச்சை விட்டு, கண்ணைச் சுவரில் இருக்கும் காலண்டர் முருகன்மேல் வைத்து எழுகிறார். ஆறு. முட்டி நடுங்குகிறது, நிற்கிறது. ஏழு. நேரம் முடிந்து செல்போன் அடித்தது. அந்த நடுங்கும் கால்களையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "எத்தன கண்ணு?"

"ஏழும்மா."

"பத்து வரோணுமில்ல?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் மூணுதான. வர்ற மாசம் எண்ணு."